மெய்க்காவலும் இருநூற்றுப் பதினோரு பேரும்

இஞ்ஞாசியம்மாள் டீச்சர் கம்ப்யூட்டருக்குத் தூசி தட்டத்தான் ஆள் தேடினார். பாதுகாப்பு வேண்டும் என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. ஆனால் இந்தக் காலத்தில் கேட்காமலே வந்து சேர்வது பாதுகாப்பு ஒன்றுதான். நாகல் நகரில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சௌகத் அலி, பெட்டியைப் பிரித்து, உள்ளே குடியிருந்த பல்லியை விரட்டி, புது விசிறி மாட்டினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். டீச்சர் ஒத்தையில் இருக்கிறாரே என்ற நல்லெண்ணத்தில் 'மெய்க்காவல்' என்ற ஆன்டிவைரஸையும் ஏற்றிக் கொடுத்துவிட்டார். பல்லி போய் மெய்க்காவல் வந்தது. இரண்டில் பல்லியே தேவலை என்பது டீச்சருக்கு மூன்றாம் நாள் காலையில் தெரிந்தது.

டீச்சரின் கணவர் ஞானராஜ் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. டைப்பிங் இன்ஸ்டிடியூட் ஒன்றில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தவர். வாத்தியார் என்றுதான் தெருவில் கூப்பிடுவார்கள். அவர் விட்டுப்போனதில் டீச்சர் பெரிதாக மதித்தது அந்தப் பெட்டிக்குள் இருந்த ஒரு சின்ன புரோகிராமைத்தான். தினமும் காலை ஆறு மணிக்கு 'டிங்' என்று ஒரு சத்தம் வரும். திரையில் வெள்ளையாக ஒரு கட்டம் எழும். "இன்று நினைக்க வேண்டியவர்" என்று போட்டு, கீழே ஒரு பெயர் இருக்கும். சில நாள் இரண்டு பெயர். பல நாள் கட்டம் காலியாகவே இருக்கும்.

அது பிறந்த கதை இப்படி. ஒரு கல்லறைத் திருநாளில் ஊரே கல்லறைகளுக்குப் பூப்போட்டு மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருக்க, மதிலுக்கு வெளியே வெறுந்தரையில் ஒரு பெண் ஒற்றை மெழுகுவர்த்தியைக் கையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை வாத்தியார் பார்த்தார். விசாரித்தார். ஞானஸ்நானம் கொடுப்பதற்குள் செத்துப்போன பிள்ளை. அந்தக் காலத்தில் உள்ளே புதைக்க விடவில்லை. பங்குக் கோயில் பதிவேட்டில் பெயர் கிடையாது. பெயரே வைக்காததால் வேறு எந்த ஆபீசிலும் கிடையாது. வாத்தியார் அன்று வீட்டுக்கு வந்து சோறு தின்னவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முதல் பெயரை அடித்தார். அனிஷா. அது அவர்களுடைய பிள்ளை. முப்பத்தொரு வருடத்துக்கு முன் நான்கு மணி நேரம் மட்டும் இருந்துவிட்டுப் போனவள். அதற்குப் பிறகு அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

பிறகு ஒவ்வொரு பெண்ணாகச் சொன்னார்கள். தண்ணீர்க் குழாயடியில், அடுப்படி வாசலில், பஸ்ஸுக்கு நிற்கும்போது. எந்தச் சாமி கும்பிடுகிறவர்கள் என்று அவர் பார்க்கவில்லை. மனதில் வைத்திருந்த பெயரைச் சொன்னார்கள். நாள் தெரியாதவர்களிடம், "வெள்ளம் வந்துச்சே, அதுக்கு முன்னாடியா பின்னாடியா? தேர்தல் முடிஞ்சிருச்சா?" என்று குடைந்து குடைந்து கேட்டு, பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்து அவரே தேதியைக் கண்டுபிடித்தார். இருநூற்றுப் பதினோரு பிள்ளைகள். புருசனுக்கே சொல்லாததைச் சொன்னவர்களும் அதில் உண்டு. அதனால் நோட்டில் எழுதி வைக்க மாட்டேன் என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்தார். பெயர்களையெல்லாம் புரோகிராமுக்குள்ளேயே கலைத்துப் போட்டு, யார் திறந்தாலும் படிக்க முடியாதபடி செய்தார். அந்தந்த நாளில் அந்தந்தப் பெயர் மட்டும்தான் வெளியே வரும். வாக்குக் காப்பாற்றுகிற மனுசனுக்கு இந்த உலகத்தில் என்ன கிடைக்குமோ அது அவருக்குச் செத்தபிறகு கிடைத்தது.

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு வெள்ளைக் கட்டத்துக்குப் பதில் பச்சைக் கேடயம் ஒன்று எழுந்தது.

"வாழ்த்துகள்! உங்கள் கணினியில் பதுங்கியிருந்த ஓர் ஆபத்தைப் பிடித்துத் தனிமை அறையில் அடைத்திருக்கிறோம். குற்றங்கள்: ஒன்று, அழைக்காமல் தானே எழுகிறது. இரண்டு, உள்ளே இருப்பதை மறைக்கிறது. மூன்று, செய்தவர் யார் என்று தெரியவில்லை. அறுபது நாளில் இது அழிக்கப்படும். நிம்மதியாக இருங்கள்."

டீச்சர் அதை மூன்று தடவை படித்தார். வாசலில் கூடை இறங்கும் சத்தம் கேட்டது. நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து பூக்கொண்டுவந்து தெருத்தெருவாக விற்கிற மூக்காயி.

"டீச்சரு, எம்மக வந்துட்டாளா?"

தினமும் கேட்கிற கேள்விதான். மூக்காயிக்கு எழுத்துத் தெரியாது. ஐப்பசி வாக்கில் பிறந்து அன்றைக்கே போன பிள்ளை, பவுனுத்தாயி என்று வைக்க நினைத்த பெயர், இவ்வளவுதான் அவளுக்கு ஞாபகம். தேதியைக் கண்டுபிடித்துக் கொடுத்தது வாத்தியார். வருடத்தில் ஒருநாள் அந்தப் பெயர் வரும்போது, மூக்காயி கூடையிலிருந்து நல்ல மல்லியாக ஒரு முழம் எடுத்துக் கம்ப்யூட்டர் மேல் வைத்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போவாள். அந்தத் தேதி என்ன என்று டீச்சர் ஒருநாளும் மனதில் வாங்கிக்கொள்ளவில்லை. மெஷின் சொல்லும் என்று இருந்துவிட்டார்.

"இன்னும் நாளு இருக்கு மூக்காயி" என்றார் டீச்சர். எத்தனை நாள் என்று அவருக்கே தெரியாது. ஐப்பசி பிறக்க இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது.

சௌகத் அலி அன்றே வந்தார். "இதென்ன டீச்சர், ரெண்டு நிமிச வேல. தூக்கிருவோம்" என்று உட்கார்ந்தார். நீக்கு என்ற பொத்தானை அழுத்தினார். நிச்சயமாகவா என்று கேட்டது. நிச்சயம் என்றார். உண்மையிலேயே நிச்சயமாகவா என்று கேட்டது. இப்படி ஏழு தடவை. பிறகு காரணம் கேட்டுப் பட்டியல் நீட்டியது. உரிமையாளர் மரணம், கணினி மரணம், வெளிநாட்டுக் குடியேற்றம், புத்தி மாற்றம். சௌகத் அலி கணினி மரணம் என்று போட்டார். இரங்கல் செய்தி ஒன்று வந்தது. எல்லாம் முடிந்து கம்ப்யூட்டரை மறுபடி போட்டால் பச்சைக் கேடயம் முதல் ஆளாக எழுந்து, "உயிர் பிழைத்ததற்கு வாழ்த்துகள்! மீண்டும் வரவேற்கிறோம்" என்றது.

அது இருக்கிற ஃபோல்டரைத் தேடிப்போய் அழிக்கப் பார்த்தார். உங்களுக்கு அனுமதி இல்லை என்றது. விண்டோஸைச் சேஃப் மோடில் போட்டுப் பார்த்தார். அதாவது வேண்டாத புரோகிராம் எதையும் எழுப்பாமல், அத்தியாவசியத்தை மட்டும் வைத்துத் திறப்பது. அதிலும் கேடயம் எழுந்தது. தன்னை அத்தியாவசியம் என்று அதுவே எழுதி வைத்துக்கொண்டிருந்தது.

"வாத்தியார் வேற எங்கயாச்சும் ஒரு காப்பி வச்சிருக்காரா டீச்சர்?"

பீரோவில் ஒரு பென் டிரைவ் இருந்தது. டீச்சர் சேலை மடிப்புக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். சௌகத் அலி செருகினார். செருகிய அடுத்த நொடி, "இன்னோர் ஆபத்தும் பிடிபட்டது! தனிமை அறையில் இப்போது இரண்டு" என்று கேடயம் பெருமையோடு அறிவித்தது. சௌகத் அலி நெற்றியில் அடித்துக்கொண்டார். முப்பது வருடம் ரேடியோவும் டி.வி.யும் கம்ப்யூட்டரும் பிரித்த மனுசன், அன்று டீச்சர் கொடுத்த காபியைக் குடிக்காமல் எழுந்து போனார்.

டீச்சர் தனியாக உட்கார்ந்து அந்தத் தனிமை அறையைப் பற்றி யோசித்தார். பாவம் தீரும்வரை உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடக்கும் ஆன்மாகூட ஒருநாள் மோட்சம் போகும். அதற்காகத்தான் பூசை வைப்பது, செபம் சொல்வது எல்லாம். இங்கே அறுபது நாள் கழித்தால் அழிவு என்று முதலிலேயே எழுதி ஒட்டிவிட்டார்கள். மதிலுக்கு வெளியே நிறுத்தின பிள்ளைகளை வாத்தியார் ஒவ்வொன்றாகக் கைப்பிடித்து உள்ளே கூட்டிவந்தார். இப்போது இன்னொரு மதில்.

மெய்க்காவலின் கிளை பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மாடியில் இருந்தது. 'வாடிக்கையாளர் நிம்மதி மையம்' என்று பலகை. உள்ளே மதியழகன் என்பவர் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 'உறவுத் தொடர்ச்சி அலுவலர்' என்பது அவர் பதவி. அதாவது, விலக வருகிறவர்களை விலகவிடாமல் பார்த்துக்கொள்கிற உத்தியோகம். டீச்சருக்கு நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, மிக மரியாதையாகத் தொடங்கினார்.

"மேடம், இந்த மாவட்டத்துல எங்கள விட்டு ஒருத்தர்கூடப் போனதில்ல. அம்புட்டு திருப்தி. எப்புடின்னு கேளுங்க. போறதுக்கு நாங்க வழியே வைக்கல. வழி வச்சாத்தான மேடம் மனுசனுக்கு அதிருப்தி வரும்?"

"எனக்கு விலகணும்னு இல்லங்கய்யா. எங்க வீட்டுக்காரர் செஞ்ச ஒண்ண உள்ள அடச்சு வச்சிருக்கு. அத விட்டாப் போதும்."

"தாராளமா. செஞ்சவர் நேர்ல வந்து, இது நான் செஞ்சதுதான்னு ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். அடையாள அட்டை ஒரிஜினல் வேணும்."

டீச்சர் கைப்பையிலிருந்து இறப்புச் சான்றிதழை எடுத்து வைத்தார். அதைப் படித்ததும் மதியழகனின் முகம் மாறியது. துக்கம் விசாரிக்கப் போகிறார் என்று டீச்சர் நினைத்தார்.

"இறந்துட்டாரா? அப்ப ரொம்ப ஆபத்து மேடம். உயிரோட இருக்கறவன் செஞ்சதுன்னா, ஏதாச்சும் ஆச்சுன்னா அவனப் பிடிச்சுக் கேக்கலாம். இறந்தவர்கிட்ட யாரு பேசறது?"

"அது வைரசு இல்லய்யா. பேருங்க. பெறந்த ஒடனே செத்த பிள்ளைங்க பேரு."

மதியழகன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எத்தன பேரு?"

"இருநூத்திப் பதினொண்ணு."

"இருநூத்திப் பதினோரு பேரோட சொந்தத் தகவல். அவங்க ஒப்புதல் வாங்கியிருக்காரா?"

"அவுக அம்மாமார் சொன்னதுதான்."

"அம்மாமார் சொன்னாச் செல்லாது மேடம். தகவலுக்குச் சொந்தக்காரங்களே கையெழுத்துப் போடணும்."

"ஒருநாள் பிள்ளைங்கய்யா. சிலது ஒருநாள்கூட இல்ல."

மதியழகன் கல்நெஞ்சக்காரர் இல்லை. உண்மையிலேயே உதவ நினைத்து, திரையில் கொஞ்ச நேரம் தேடினார். பிறகு முகம் மலர்ந்து சொன்னார். "கவலைப்படாதீங்க. மைனருக்குத் தனி ஃபாரம் இருக்கு."

டீச்சர் சான்றிதழை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். படி இறங்கும்போது கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"அடச்சதத் தனியா விடலேன்னா, காவலையே மொத்தமாத் தூக்கச் சொல்லுங்க டீச்சர். காவலே போயிட்டா உள்ள கெடக்கறது வெளிய வந்துதான ஆகணும்?" என்றார் சௌகத் அலி. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. பூட்டு உடைந்தால் கதவு திறக்கும் என்பதுதானே இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

முழு நீக்கத்துக்கு மனுச் செய்தார்கள். இருபத்தொரு நாள் மனமாற்றக் காலம் என்றார்கள். தினமும் பத்து மணிக்கு ஒரு பெண் போனில் கூப்பிட்டு, "மனசு மாறிடுச்சா மேடம்?" என்று குழைந்து கேட்டாள். இல்லை என்றால், "நாளைக்குக் கேக்கறேன்" என்று வைத்தாள். தெருவில் மெய்க்காவல் வைத்திருக்கும் இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. வைரஸால் குடும்பங்கள் அழிவதைக் காட்டும் ஒரு மணி நேரப் படத்தை டீச்சர் மையத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது. படத்தில் ஒரு குடும்பத்தின் கல்யாண போட்டோக்கள் எல்லாம் அழிந்துபோக, அவர்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். "பாத்தீங்களா மேடம், ஒரு ஃபைல் போனா மனுசனுக்கு எப்புடி வலிக்கும்னு. அதுக்காகத்தான் நாங்க இருக்கோம்" என்றார் மதியழகன்.

நடுவில் ஐப்பசி பிறந்துவிட்டது. மூக்காயி ஆறு மணிக்கு வந்து நின்றாள்.

"ஏன் டீச்சரு, இந்த வருசம் இம்புட்டு நாளாகுது? மெசினுக்கு மறந்துபோச்சோ?"

"இல்ல மூக்காயி. வரும்."

"வாத்தியாரய்யா போன வருசம் சொன்னாரு, அவளுக்கு இப்ப இருந்தா இருவத்தெட்டு வயசாம். எனக்கு எங்க கணக்குத் தெரியும்? அவரு சொன்னாத்தான் எனக்கு வயசே தெரியும்" என்று சொல்லிக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். டீச்சர் கதவைச் சாத்திவிட்டு அழுதார்.

ஐம்பத்து மூன்றாம் நாள் அனுமதி வந்தது. மாவட்டத்திலேயே முதல் முழு நீக்கம் என்பதால் மையத்தில் அதை விழாவாக எடுத்தார்கள். பேனர் கட்டி, குத்துவிளக்கு ஏற்றி, டீச்சருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சௌகத் அலி கம்ப்யூட்டர் பெட்டியை ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்து மேடை மேசையில் இறக்கினார். டீச்சர் வலது கையை நீட்டி, "இன்று முதல் நான் பாதுகாப்பற்றவள் என்று உறுதி கூறுகிறேன்" என்று படித்தார். மதியழகன் மைக்கைப் பிடித்தார். பேச்சு வழக்கு போய் மேடைத் தமிழ் வந்தது.

"அன்பார்ந்தவர்களே! பிரிவு எங்களுக்குப் புதிது. ஒருவரை எப்படிக் காப்பது என்று எங்களுக்குத் தெரியும். எப்படி விடுவது என்று எங்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. இந்த அம்மையாரை எதிலிருந்து காத்தோம் என்று சிலர் கேட்கலாம். அதை அறிந்துகொள்ளும் உரிமை எங்களுக்கே இல்லை. ஏனென்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று நாங்கள் பார்ப்பதில்லை. பார்க்காமலே தண்டிப்பதால்தான் எங்களால் இவ்வளவு வேகமாகச் செயல்பட முடிகிறது!"

கைத்தட்டினார்கள். 'பூரண விடை' என்று எழுதிய பென் டிரைவை டீச்சர் கையாலேயே செருகச் சொன்னார்கள். திரையில் ஒரு கோடு இடமிருந்து வலமாக நகர்ந்தது. டீச்சர் பொன்னாடைக்குள் செபமாலையைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தார். கோடு முடிந்தது. எழுத்து வந்தது.

"மெய்க்காவல் முழுமையாக நீங்கியது. போகும் முன், உங்கள் நலன் கருதி, தனிமை அறையில் இருந்த இரண்டு ஆபத்துகளையும் நிரந்தரமாக அழித்துவிட்டோம். நன்றி."

சௌகத் அலிதான் முதலில், "யா அல்லா" என்றார். டீச்சர் மெதுவாக மதியழகன் பக்கம் திரும்பினார்.

"அவுங்க ஏற்கெனவே ஒருதடவ செத்தவங்கய்யா."

"ஆபத்த அப்படியே வெளிய விட்டுட்டுப் போக எங்க மனசாட்சி எடங்கொடுக்காது மேடம்" என்றார் மதியழகன். அவர் அதை நம்பித்தான் சொன்னார். "போட்டோவுக்குக் கொஞ்சம் சிரிங்க."

அழிந்ததை மீட்கும் புரோகிராம்களையெல்லாம் சௌகத் அலி இரண்டு நாள் கடையை மூடிவிட்டுப் போட்டுப் பார்த்தார். வாத்தியாரின் புரோகிராம் இருந்த இடத்தில் மெய்க்காவல் தன் விளம்பரப் படத்தை எழுதி நிரப்பிவிட்டுப் போயிருந்தது. கேடயத்துக்குப் பின்னால் ஒரு குழந்தை சிரிக்கிற படம். "நான் ஏத்துனதுதான டீச்சர் இம்புட்டும்" என்று சௌகத் அலி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். டீச்சர் அவருக்குக் காபி கொடுத்தார். இந்தத் தடவை குடித்தார்.

அன்று மாலை டீச்சர் ஒரு நோட்டை எடுத்து, ஞாபகம் இருக்கிற பெயர்களை எழுதத் தொடங்கினார். முதலில் அனிஷா, தேதியோடு. அதற்குப் பிறகு நாற்பத்து மூன்று பெயர் வந்தது. ஒன்றுக்கும் தேதி வரவில்லை. சொன்ன பெண்களிடமே போய்க் கேட்கலாம். பாதிப் பேர் இப்போது இல்லை. இருக்கிறவர்கள் யார் யார் என்பது வாத்தியாருக்கு மட்டும்தான் தெரியும்.

மறுநாள் காலை ஆறு மணி. 'டிங்' என்றது.

டீச்சர் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். திரையில் பச்சைக் கேடயம்.

"எங்களைப் பிரிந்து மூன்று நாள் ஆகிறது. நாங்கள் உங்களை மறக்கவில்லை. திரும்பி வருவீர்களா?"

முழுமையாக நீங்கியதாகச் சொன்னது நீங்கவே இல்லை. எந்த மூலையிலோ ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்து, வாத்தியாரின் ஆறு மணியைத் தனதாக்கிக்கொண்டு, அவருடைய சத்தத்திலேயே கூப்பிட்டது. போக வேண்டியது போக மாட்டேன் என்கிறது, இருக்க வேண்டியதை ஒரே நொடியில் துடைத்துவிட்டார்கள் என்று டீச்சருக்கு ஆத்திரமாக வந்தது. சௌகத் அலிக்கு போன் போட்டார். "பத்து மணிக்கு வாரேன் டீச்சர். அத வேரோட தோண்டி எடுத்துர்றேன்" என்றார் அவர்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் நிலைப்படியில் மூக்காயி நின்றாள். கூடையை இறக்கவில்லை. கண் திரையிலேயே இருந்தது.

"டிங்குன்னுச்சே டீச்சரு. எம்மகளா?"

டீச்சர் திரையைப் பார்த்தார். மூக்காயியைப் பார்த்தார். ஐப்பசி முடிய நான்கு நாள் இருந்தது. உண்மையான நாள் போய்விட்டதா, இனிமேல்தான் வருமா என்று சொல்ல இந்த உலகத்தில் ஒருவரும் இல்லை. ஐம்பத்தொன்பது வயதில், முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று சொல்லிக்கொடுத்த வாய் சொல்லிற்று.

"ஆமா மூக்காயி. பவுனுத்தாயி. இன்னைக்குத்தான்."

"எத்தன வயசு டீச்சரு இப்ப?"

"இருவத்தொம்பது."

மூக்காயி கூடையை இறக்கினாள். மொட்டு மல்லியாகப் பார்த்து ஒரு முழம் அளந்தாள். பிறகு யோசித்து இன்னொரு முழம் சேர்த்தாள். கம்ப்யூட்டர் மேல் வைத்தாள். பச்சைக் கேடயத்தின் மேல் ஒரு விரலை வைத்துத் தடவி, அந்த விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "மறக்காம வந்துட்டா பாருங்க" என்று மூக்கைச் சிந்திக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனாள்.

டீச்சர் மறுபடி போனை எடுத்தார். "பாய், வரவேண்டாம். அது இருந்துட்டுப் போகட்டும்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டு, நோட்டில் பவுனுத்தாயி என்ற பெயருக்குப் பக்கத்தில் அன்றைய தேதியை எழுதினார். கேடயம் இன்னும் பதிலுக்குக் காத்திருந்தது. அதன் கீழே இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்றில் 'இப்போதே வருகிறேன்' என்றும் மற்றதில் 'பிறகு நினைவூட்டு' என்றும் எழுதியிருந்தது. டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டாவதை அழுத்தினார்.